பூவாயி சொன்ன இருநூறு சொல்

ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்துக்கு மேலே, ஏலக்காய்க் காடு முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் ஒன்பது குடும்பங்கள் இருந்தன. கீழே இருப்பவர்கள் அவர்களை முகட்டார் என்றார்கள். சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். பலாப்பழமும் கமலாப்பழமும் சுமந்து சந்தைக்குப் போவார்கள். காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் எஸ்டேட்டுக்குக் கூலிக்கு இறங்குவார்கள். வெளியாளிடம் மற்றவர்களைப் போலவே சேலத்துத் தமிழ்தான். தங்களுக்குள் பேசுவது மட்டும் வேறு. சந்தையில் அதைக் கேட்டவர்கள் காட்டுப் பேச்சு என்று சிரித்தார்கள். முகட்டார் அதற்குப் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. நம்ம பேச்சு என்பார்கள், அவ்வளவுதான்.

பூவாயி அந்த ஒன்பது வீடுகளில் ஒன்றில் மகள் சென்னம்மாளோடு இருந்தாள். புருசன் இறந்து நாலு வருசம். எஸ்டேட்டுக்குக் காடு வெட்டும்போது மரம் சாய்ந்து போனவன். அவனுடைய அண்ணன் அங்கப்பன்தான் முகட்டாருக்குப் பெரியதனம், ஊர்த்தலைவன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருசம், எஸ்டேட் துரை குதிரையில் முகட்டுக்கு வந்தார். ஓடையைப் பார்த்தார். தண்ணீர் எந்த மாசம் வற்றும் என்று கேட்டார். எந்த மாசமும் வற்றாது என்று அங்கப்பன் பெருமையாகச் சொன்னான். பழத்தின் தோலுரிக்கிற பல்ப்பர் மிஷினுக்கு அப்படி ஒரு ஓடையைத்தான் துரை தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாசத்தில் நோட்டீஸ் வந்தது. முகட்டு நிலம் சர்க்கார் தரிசு, எஸ்டேட்டுக்குக் குத்தகைக்குப் போகிறது, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்.

ஆட்சேபணைக்கு ஒரே ஒரு வழி இருந்தது. மலையில் பூர்வமாக இருக்கிற குடிகள் உழுகிற நிலத்தை எஸ்டேட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று பழைய உத்தரவு ஒன்று உண்டாம். ஆனால் முகட்டார் பூர்வகுடியா, இல்லை கூலிக்காக ஏறி வந்தவர்களா? விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு அது தெரியவில்லை. ஏற்காட்டு பங்களாவில் அப்போது பெல்லமி துரை என்று ஒருவர் தங்கியிருந்தார். ஜட்ஜாக இருந்து பென்சன் வாங்கியவர். மலை மலையாகப் போய், அங்கங்கே பேசுகிற பேச்சைக் கேட்டு நோட்டில் எழுதுவதே அவருக்கு வேலை. அவர் பேச்சை ஆராய்ந்து சொல்லட்டும், அதை வைத்து முடிவு செய்யலாம் என்று அதிகாரி எழுதிவிட்டார்.

பெல்லமி துரை ஒரு பெண்ணைத்தான் அனுப்பச் சொன்னார். ஆண்கள் சந்தைக்கும் சர்க்கார் கச்சேரிக்கும் போய்ப் பேச்சைக் கெடுத்துக்கொள்கிறார்களாம். பழைய சொல் பெண்கள் வாயில்தான் தங்குமாம். முகட்டுப் பெண்களில் கூச்சமில்லாமல் தமிழ் பேசுகிறவள் பூவாயி. அங்கப்பன் அவளைக் கூப்பிட்டான்.

"நம்மகிட்டக் காயிதம் ஒண்ணும் கெடையாது கண்ணு. பேச்சு ஒண்ணுதான் இருக்குது. தொர என்ன கேட்டாலும் சொல்லிப்போட்டு வா. ஒண்ணையும் மறைச்சுப்போடாதே."

"எனக்கு என்ன தெரியும்ங்க மாமா?"

"பேசத் தெரியுமல்ல? அதத்தான் கேக்கறாங்க."

பதினொரு நாள் போனாள். விடிந்ததும் இறங்கி நடந்தால் வெயில் ஏறுகிற நேரத்துக்கு பங்களா வரும். பெல்லமி துரை வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பூவாயி படியில். நடுவில் ஸ்டூல் போட்டு மாரிசாமி. எஸ்டேட் ரைட்டர். சேலத்தில் பள்ளிக்கூடம் படித்தவன். துரையின் இங்கிலீசைத் தமிழாக்கி அவளிடம் சொல்வதும், அவள் சொல்வதைத் துரையிடம் சேர்ப்பதும் அவன் பொறுப்பு. இருநூறு சொல் அச்சடித்த தாள் ஒன்று துரையிடம் இருந்தது. கை, கால், தண்ணீர், கல், அம்மா, ஒன்று, இரண்டு, வா, போ. எந்த நாட்டில் எந்தப் பேச்சை எழுதினாலும் அதே இருநூறுதானாம்.

முதல் இரண்டு நாள் பயந்துகொண்டே சொன்னாள். பிறகு அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சுக்காக அவள் வாங்கியது கேலி மட்டும்தான். இங்கே நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீருக்கு அவள் 'தொவ்வு' என்றாள். துரை ஆறு தடவை சொல்லிப் பார்த்தும் அது 'டவ்' என்றே வந்தது. பூவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணனுக்குச் சொல் கேட்டபோது, "ஆருக்கு அண்ணனுங்க? தம்பிக்கா, தங்கச்சிக்கா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். தம்பி கூப்பிட்டால் 'ஓனு', தங்கை கூப்பிட்டால் 'அவெ'. துரை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இத்தனை நாளும் தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றில் அப்படி எழுந்து நிற்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அன்று மலையேறும்போது கால் வலிக்கவில்லை.

நாலாம் நாள் மாரிசாமியிடம் கேட்டாள். "இதெல்லாம் எழுதி என்னங்க பண்ணுவாரு?"

"பாசைக்கும் சொந்தபந்தம் உண்டாம் பூவாயி. தமிழு, தெலுங்கு, கன்னடமெல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்களாம். உங்க பேச்சுக்கு ஆரு பங்காளி, ஆரு ஒறமொறைன்னு பாக்கறாரு. ஒவ்வொரு வார்த்தையா ஒத்துப் பாக்கணுமாம்."

"ஆராச்சும் கெடைச்சாங்களா?"

"இன்னும் ஒருத்தரும் அம்படல. அநாதப் பேச்சாவே இருந்தாலும் இருக்கும்னு சொல்றாரு."

அந்தச் சொல் அவளுக்கு உறுத்தியது. ஒன்பது வீட்டில் சத்தமாகப் பேசப்படுகிற பேச்சு எப்படி அநாதையாகும்?

ஐந்தாம் நாள் துரை தீக்குச்சி ஒன்றை உரசிக் காட்டினார். "சிங்கெ" என்றாள் பூவாயி. துரையின் பேனா நின்றது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "மேது" என்றாள். துரை உள்ளே போய்த் தடிமனான புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அடுப்பு, கொள்ளி, சுடு, பார், கண்ணீர் என்று அந்த இரண்டு சொல்லையும் ஒட்டியதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். வடக்கே, ரெண்டு வாரப் பயணத்துக்கு அப்பால், காட்டு மலைகளில் இருக்கிற சனங்களும் தீக்கும் கண்ணுக்கும் இதையேதான் சொல்கிறார்கள் என்று மாரிசாமி விளக்கினான். "பணங்காசுக்கு, துணிமணிக்கு வார்த்தைய அடுத்தவன்கிட்ட வாங்கலாமாம். தீயி, கண்ணு, இதுக்கெல்லாம் எவனும் கடன் வாங்க மாட்டானாம். அதனால உங்க சொந்தக்காரங்க அம்பட்டுட்டாங்க."

கடைசி நாள் துரை அவளுக்கு ஒரு கம்பளி கொடுத்தார். பூவாயி அதைப் போர்த்திக்கொண்டு முகட்டுக்கு வந்து, நம்ம பேச்சுக்கு வடக்கே உறவு இருக்குதாம் என்று எல்லோரிடமும் சொன்னாள். அங்கப்பன் வீட்டில் அன்று கோழி அடித்தார்கள்.

விசாரணை தை மாசம் பங்களா முற்றத்தில் நடந்தது. சேலத்திலிருந்து வந்த அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பெல்லமி துரையும் எஸ்டேட் துரையும். முகட்டார் ஒன்பது குடும்பமும் மஞ்சு விலகாத முற்றத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி தாளைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

"துரையவர்கள் நன்றாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உங்கள் பேச்சு தமிழ் இல்லை. இந்தப் பக்கத்துப் பேச்சு எதோடும் சேரவில்லை. தீ, கண், அதையொட்டிய சொற்கள் எல்லாம் வடக்கத்தி மலைக்காரர்களுடைய பேச்சு. ஆகவே நீங்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். இந்த மலைக்கு நீங்கள் பூர்வகுடி இல்லை. அந்த உத்தரவு உங்களுக்குச் செல்லாது."

முகட்டாருக்கு முதலில் விளங்கவில்லை. வேறு பேச்சு என்று நிரூபித்தால் நிலம் நிற்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அங்கப்பன் எழுந்தான். "நாங்க எங்கீங்க வடக்குலருந்து வந்தோம்? எங்க பாட்டன் முப்பாட்டன் குழியெல்லாம் மேலதானுங்க இருக்குது."

"குழியில் பெயர் எழுதியிருக்கிறதா? துரையிடம் இருநூறு சொல் எழுதியிருக்கிறது. உங்கள் ஆள் சொன்னதுதான்." அதிகாரி படித்தார். "சிங்கெ. மேது."

தன் வாயிலிருந்து போன சொல்லை அந்நிய வாயில் கேட்டபோதுதான் பூவாயிக்கு அது எங்கிருந்து வந்த சொல் என்பது நினைவுக்கு வந்தது. புதனியின் முகம் அவள் கண்முன் வந்தது.

பதினெட்டு வருசத்துக்கு முன் நடந்தது அது. கலியாணமான புதுசில் அவளும் புருசனும் மலைப்பாதைக்குக் கல் உடைக்க அடிவாரம் போயிருந்தார்கள். அங்கே ரயில் பாதை வேலைக்கென்று வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்ட வடக்கத்திக் கூட்டம் ஒன்றும் கல் உடைத்தது. புதனி என்ற பெண் பூவாயியின் பக்கத்தில் உட்கார்ந்து உடைப்பாள். பூவாயிக்கு அப்போது ஒரு சங்கடம். முகட்டார் பேச்சில் தீக்கு 'லாமு'. அவள் புருசன் பெயர் லாமன். கண்ணுக்கு 'கிட'. மாமனார் பெயர் கிடன். கட்டிக்கொண்டவன் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் மருமகள் வாயால் சொல்லலாமா? அந்தச் சத்தம் வருகிற சொல்லையும் சொல்லக் கூடாது. தங்களைச் சந்தையில் கேலி செய்கிறவர்களின் தமிழ்ச் சொல்லை அடுப்படிக்குக் கொண்டுவரவும் அவளுக்கு மனசில்லை. அங்கப்பன் மனைவிக்குக் கண் ஒன்றுதான் சிக்கல்; மற்றப் பெண்களுக்குப் புருசன் பெயர் காளியென்றும் மூக்கனென்றும் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. நெருப்புக் கேட்கவும் முடியாமல், கண்ணில் தூசி விழுந்தால் சொல்லவும் முடியாமல் அவள் சாடை காட்டுவதைப் பார்த்துப் புதனி விழுந்து விழுந்து சிரித்தாள். என் பேச்சில் சொல்லிக்கொள் என்று இரண்டு சொல்லைக் கொடுத்தாள். அடுத்த மழையில் அடிவாரத்துக் காய்ச்சலில் புதனி செத்துப்போனாள். சொல் இரண்டும் பூவாயியிடம் தங்கிவிட்டன. கொள்ளி, கண்ணீர் என்று அவற்றை ஒட்டியதையும் அந்த இரண்டை வைத்தே சொல்லிக்கொண்டாள்; பதினெட்டு வருசம் அவற்றால்தான் அவள் அடுப்பு மூட்டினாள். துரை தீக்குச்சியை உரசியபோது, வேறு ஒரு சொல் இருக்கிறது என்ற நினைவே அவளுக்கு வரவில்லை.

எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அடிவாரம், கல், புதனி. மாரிசாமி துரைக்கு இங்கிலீசில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"அப்படியானால் உங்கள் சொல் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

முற்றம் முழுக்க அவளைப் பார்த்தது. "வேண்டாம் பூவாயி, நீ சொல்லாதே, நாஞ் சொல்றேன்" என்று அங்கப்பன் குறுக்கே வந்தான். அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். சொல் கொடுத்தவள்தான் திருத்த வேண்டும் என்றார்.

"லாமு" என்றாள் பூவாயி. "எம் புருசன் பேரு லாமன். எஸ்டேட் பேரேட்டுல ராமன்னு எழுதியிருப்பாங்க. அது ராமன் இல்லீங்க. லாமன். கண்ணுக்குக் கிட. எங்க மாமனார் பேரு கிடன்."

பின்னால் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சென்னம்மாள் அழ ஆரம்பித்தாள். செத்தவன் பெயரை அவன் பெண்டாட்டியே சபையில் கூப்பிடுவதை அவர்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

பெல்லமி துரை நோட்டைத் திறக்கவில்லை. மற்றவர்களை அதிகாரி கேட்டபோது எல்லோரும் ஒரே குரலில் லாமு என்றார்கள். துரை மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு மாரிசாமியிடம் ஏதோ சொன்னார். மாரிசாமி பூவாயியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "பதினோரு நாளு ஒரு வார்த்த சொன்னே. நெலம் போகுதுன்னதும் வேற வார்த்த சொல்றே. எல்லாரும் சேந்து சொல்லி வெச்சுக்கிட்டீங்கன்னு தொர நெனைக்கிறாரு. முதல்ல கூச்சமில்லாம சொன்னதுதான் நெசமாம்."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்களே! இது உன் வார்த்தையா, வாங்குன வார்த்தையான்னு அவரு ஒரு தடவ கேட்டாருங்களா?"

மாரிசாமி அதை மொழிபெயர்க்கவில்லை. இந்தப் பேச்சைப் பற்றித் துரை எழுதிய கட்டுரை ஏற்கெனவே சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

சித்திரையில் முகட்டை அளந்து கல் நட்டார்கள். வைகாசியில் வீடுகளைப் பிரித்தார்கள். நாலு குடும்பம் கல்ராயன் மலைப்பக்கம் போய்விட்டது. ஐந்து குடும்பம் கூலிகளுக்கென்று எஸ்டேட் வரிசையாகக் கட்டியிருந்த லயத்தில் வீட்டுக்கொரு அறை வாங்கிக்கொண்டு கூலியாட்களானது. லயத்தில் குடியேறிய அன்று அங்கப்பன் எல்லோர் முன்னாலும் பூவாயியிடம் சொன்னான்.

"பொழைக்க வந்தவங்கன்னு நமக்குப் பட்டம் வாங்கிக் குடுத்துட்டே. போவுது. எந் தம்பிய மரம் ஒருக்காக் கொன்னுது. கச்சேரியில பேரச் சொல்லி நீ மறுக்காக் கொன்னுபோட்டே."

"நீங்கதானுங்களே மாமா, ஒண்ணையும் மறைக்காதேன்னு அனுப்புனீங்க?"

"நம்ம பேச்சச் சொல்லுன்னு அனுப்புனேன். எவ பேச்சையோ சொல்லிப்போட்டு வந்தே."

அன்று முதல் லயத்தில் அவள் வந்தால் பேச்சு தமிழுக்கு மாறிவிடும். குழாயடியில் பெண்கள் தங்கள் பேச்சில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் குடத்தோடு போனதும், "ஏனுங்க, தண்ணி புடிக்கோணுமா?" என்பார்கள், வெளியாளிடம் கேட்பதுபோல. காதில் விழுந்தால் பேச்சை வேறொரு துரைக்கு வித்துவிடுவாளாம். சென்னம்மாளும் அப்படித்தான் ஆனாள். பூவாயி நம்ம பேச்சில் எது கேட்டாலும் மகள் தமிழில்தான் பதில் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்ள அதுதான் கட்டுப்பாடு என்பது பூவாயிக்குப் பிறகு தெரிந்தது. மகளை அவள் வற்புறுத்தவில்லை.

இரண்டு வருசம் கழித்து, ஒரு மத்தியானம் பழம் நிறுக்கிற இடத்தில் மாரிசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டான். சீமையில் அச்சான புத்தகம் ஒன்று அவன் கையில் இருந்தது. பெல்லமி துரை எஸ்டேட்டுக்கு அனுப்பியது.

"எம் பேரு இருக்குதுங்களா?"

"பேரு இல்ல. ஒரு விதவைன்னு போட்டிருக்குது."

"புதனி பேரு?"

"இல்ல."

"நாங் கச்சேரியில சொன்னது?"

மாரிசாமி தயங்கினான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னான். மேற்படி பெண் பிற்பாடு நிலத்தின் மேல் ஆசையால் தன் சாட்சியத்தை மாற்ற முயன்றாள். மலைச் சனங்களின் இத்தகைய பொய்யைக் கண்டுகொள்ள ஆராய்ச்சியாளனுக்கு அனுபவம் வேண்டும்.

பூவாயி கூடையைக் கீழே வைத்தாள். பெல்லமி துரையும் அங்கப்பனும் ஒருவரை ஒருவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இவள் பொய்க்காரி என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள்.

"இன்னொண்ணும் எழுதியிருக்காரு" என்றான் மாரிசாமி. "மறுக்கா இந்தப் பக்கம் வாராராம். இன்னும் எரநூறு வார்த்த வேணுமாம். வேற ஆரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. நீ வருவியான்னு கேக்கறாரு. வரலீன்னா வரலீன்னே எழுதிப்போடறேன்."

"வாரேன்னு எழுதுங்க."

பெல்லமி துரை கார்த்திகையில் வந்தார். இன்னும் கிழடு தட்டியிருந்தார். அதே வராந்தா, அதே படி, அதே ஸ்டூல். அவளிடம் கோபமாக இல்லை. மன்னித்துவிட்டவரைப்போல ஒரு சிரிப்புச் சிரித்தார். மழைக்கு என்ன சொல் என்று கேட்டார்.

"கொப்பிச்சே" என்றாள் பூவாயி. அப்படி ஒரு சொல் எந்த நாட்டிலும் கிடையாது.

துரை எழுதிக்கொண்டார். நிலாவுக்கு, பல்ப்பர் மிஷின் போடுகிற சத்தத்தைச் சொன்னாள். தேனுக்கு, எஸ்டேட் துரையின் குதிரை கனைப்பதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். மருமகனுக்கு, மறந்துபோன ஏதோ தாலாட்டின் ஓசையை உடைத்துச் சொன்னாள். ஒருதரம் சொன்னதை மறுநாள் கேட்டாலும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். வழியெல்லாம் அதையே மனப்பாடம் பண்ணிக்கொண்டு நடந்தாள். ஒரு சொல்லாவது நிசமாக வாயில் வந்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒன்பது நாளில் இருநூறும் முடிந்தது. மாரிசாமிக்கு எதுவும் தெரியாது. துரையோ தடிமனான புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, கடைசி நாள் முகம் சிவக்க எழுந்து நின்றார்.

"நிலாவும் தேனும் கடலுக்கு அந்தப் பக்கம், பர்மாவையும் தாண்டி ஒரு தீவுல இருக்குதாம்" என்றான் மாரிசாமி. "உங்க சொந்தம் அத்தன தூரம் போகுதாம் பூவாயி. பெரிய கண்டுபிடிப்புங்கறாரு. நீ நொம்ப நேர்மையாச் சொன்னியாம்."

பூவாயிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள். வளைவு தாண்டி, பங்களா கண்ணில் மறைந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். மருமகனைக் கூப்பிடுகிற சொல்லை உரக்கச் சொல்லிப் பார்த்து மறுபடி சிரித்தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

லயம் நெருங்க நெருங்க, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. தமிழில் சொன்னால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மழைக்கு உண்மையில் என்ன சொல் என்று தெரிந்தவர்களுக்குத்தான் கொப்பிச்சே என்பது வேடிக்கை. அப்படித் தெரிந்தவர்கள் ஐந்து வீட்டில் இருந்தார்கள். அங்கப்பன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும், உள்ளே மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்தினான்.

"போயிட்டு வந்துட்டீங்களா?" என்றான் தமிழில்.

"ஆமாங்க" என்றாள் பூவாயி. தன் அறைக்குப் போய் அடுப்பு மூட்டினாள்.